92-ஆ, 21-ஆ?

“மேடம், இந்த அம்மாவுக்கு 92 போடவா, 21 போடவா?”

என் ஆய்வுக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன மாணவி போனில் கேட்டது இவ்வளவுதான். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. படிவத்தில் யார் என்ன வேலை என்பதற்குக் குறியீட்டு எண்: 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 21 என்றால் குடும்பத் தொழிலில் கூலி இல்லாமல் உழைப்பவர். அந்த அம்மா மாடு வைத்திருக்கிறார், கறந்து சொசைட்டியில் ஊற்றுகிறார், பாஸ்புக் வீட்டுக்காரர் பெயரில். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “வீட்ல சும்மாதாம்மா இருக்கேன்” என்றிருக்கிறார்.

“அவங்க சொன்னதையே போடும்மா” என்றேன். அன்று சாயங்காலம் கணக்கெடுத்த மற்ற மூன்று பேருக்கும் அதையே சொன்னேன்.

அதில் தப்பில்லை என்று இன்றைக்கும் வாதாட முடியும். பதில் சொல்பவர் வாயில் நம் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. நாலு பேர் நாலு விதமாக முடிவெடுத்தால் அந்தத் தரவை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் விற்பதற்காகப் பால் கறப்பது அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் விதிப்படியே பொருளாதார நடவடிக்கை. பிரதான வேலைக்கு அப்புறம் துணை வேலை என்ன என்று கேட்க அவர்கள் படிவத்தில் தனி இடமும் உண்டு. நேரம் இழுக்கிறது என்று எங்கள் படிவத்திலிருந்து அதை எடுத்தது நான்தான்.

இந்தியக் கிராமப்புறப் பெண்களில் வேலையில் இருந்தவர்கள் 2004-05இல் 32.7 சதவீதம், 2011-12இல் 24.8. ஏன் இந்தச் சரிவு என்பதுதான் என் ஆராய்ச்சி. குடும்ப வருமானம் கூடும்போது பெண்கள் வேலையை விட்டு விலகுவார்கள், படிப்பு கூடியதும் திரும்புவார்கள் என்ற யு வடிவ விளக்கத்தை நம்பி எழுதினேன். 2023இல் அந்த விளக்கத்துக்குப் பெயர்பெற்ற பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டினுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது துறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். பாதிப் பேச்சில் அந்த போன் நினைவுக்கு வந்துவிட்டது.

15 வயது நிரம்பிய பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும், 2017-18இல் 23.3 சதவீதம். 2023-24இல் 41.7. கூடியதில் பெரும்பங்கு கிராமங்களில், சுயதொழிலிலும் இந்த 21 போன்ற கூலியில்லா உழைப்பிலும். உழைப்பு கூடியதா, இருந்த உழைப்பு இப்போதுதான் கணக்கில் வருகிறதா என்று எங்களுக்குள் வாதம் நடக்கிறது. இரண்டு பக்கமும் நான் பேசுவேன். எந்தப் பக்கம் பேசினாலும் அந்த அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒரு படிவத்தால் சராசரி மாறாது, அது தெரியும். நான் சொன்ன பதில் ஒரு படிவத்தோடு நிற்கவில்லையே.

போன மாதம் பழைய படிவக் கட்டுகளைப் பிரித்தேன். 92 என்று பேனாவில். பக்கத்திலேயே பென்சிலில், பொடி எழுத்தில்: “2 மாடு. காலை 5 மணி. 7 லிட்டர்.” கணினியில் ஏற்றும்போது இதற்குக் கட்டம் இல்லை. அந்த மாணவி பார்த்த வீடுகள் அத்தனைக்கும் இப்படி எழுதியிருக்கிறாள், அவற்றைத் திருத்திவிடலாம். மற்ற மூன்று பேரின் படிவங்களில் ஓரம் வெறும் வெள்ளையாக இருக்கிறது.