ஆமையும் அமீனாவும் ஒரே நாளில்

மாமா காலமானபின் அவருடைய வயலோடும் பழைய சைக்கிளோடும் ஒரு நட்சத்திர ஆமையும் எங்களிடம் வந்து சேர்ந்தது. வயலுக்கு உறுதிப் பத்திரம் இருந்தது. ஆமைக்கு ஒன்றுமில்லை.

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் பெரும்போக நெல்வெட்டு நேரம் வெட்டும் மெசினுக்குள் அகப்படப் போனதை மாமா தூக்கி வந்திருக்கிறார். கிணற்றடித் தொட்டிக்குள் விட்டு, ஆறு வருடமாகச் சோறும் பொன்னாங்கண்ணியும் போட்டு வளர்த்தார். அது வந்த பிறகுதான் வட்டை, அதாவது வயல்வெளி, விளைந்தது என்பது அவர் கட்சி. களுவாஞ்சிகுடியில் என் அம்மா எதிர்க்கட்சி. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது மனே, கொண்டு விட்டிட்டு வா" என்று தினமும் நச்சரிப்பு. அமீனா என்றால் சொத்தைப் பறிமுதல் செய்ய வரும் நீதிமன்றச் சேவகர்.

நான் கணக்கெடுக்கவில்லை. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் என் கடைக்கு வந்து, பீடி வாங்கி, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, "அந்த ஆமை இன்னும் இருக்குதா? நல்ல விலைக்கு எடுப்பாங்க" என்றார். அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது.

அன்றிரவே சட்டத்தைத் தேடி வாசித்தேன். வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம், 2009இலும் திருத்தியிருக்கிறார்கள். விற்றால்தான் குற்றம் என்று நான் நினைத்திருந்தது பிழை. பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுக்குக் கடத்துவது இன்னொரு பெரிய கதை: அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இலிருந்து இருக்கிறது, 2019இல் நட்சத்திர ஆமையை அதன் முதலாம் பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள். அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யவே முடியாது. கடைக்கு வந்தவர் சொன்ன 'நல்ல விலை' எங்கிருந்து வருகிறது என்று விளங்கியது.

சரி, ஒப்படைப்போம் என்றால் யாரிடம்? தெரிந்த ஓர் அரச அலுவலகத்தில் மெதுவாகக் கேட்டேன். "காதும் காதும் வச்ச மாதிரி உன்னிச்சைக் காட்டுக்குள்ள விட்டிட்டுப் பேசாம இருங்க தம்பி" என்றார்கள். மச்சானும் மோட்டார் சைக்கிளோடு தயார். நல்லவேளை, போகும் முன் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன்.

என் பெயரைக் கேட்கும் முன் ஆமையைத்தான் கேட்டார்கள். எவ்வளவு பெரிது, காயம் இருக்கிறதா, சாப்பிடுகிறதா, எப்படிக் கைக்கு வந்தது? நானே கொண்டுவந்து தரவா என்றதற்கு, வேண்டாம் என்றார்கள். வழியில் பொலிஸ் மறித்தால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? அது எனக்குத் தோன்றவே இல்லை. அழைத்த நேரத்தைக் குறித்துவைத்தேன், தொட்டியோடு ஒரு படமும் எடுத்தேன்.

மூன்றாம் நாள் ஜீப் வந்து வாசலில் நின்றது. ஒழுங்கை முழுக்க வேலியால் எட்டிப் பார்த்தது. "இந்தா, அமீனாவும் வந்திட்டான்" என்றார் அம்மா.

வந்த அதிகாரி ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்திக் காட்டினார். லேசாக அமுங்கியது. வெயில் படாத தொட்டியும் சோறும் செய்த வேலை. சுண்ணாம்புச் சத்து போதவில்லை. நோய் ஏதும் இருந்தால் காட்டில் இருப்பவற்றுக்கும் தொற்றும், அதனால் மிருக வைத்தியர் பார்க்காமல் விட முடியாது என்றார். மச்சான் மெல்ல அப்பால் போய்விட்டார்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழில் வாசித்துச் சொன்னால்தான் கையெழுத்து வைப்பேன் என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. கூட வந்த தம்பி வரிவரியாகச் சொன்னார். 'வாங்கினார்' என்று ஓரிடத்தில் இருந்ததை 'வயலில் கண்டெடுத்தார் மாமா' என்று மாற்றவைத்தேன். ஒரு சொல்தான், ஆனால் அதற்குள் ஒரு வழக்கே இருக்கிறது. என்மேல் வழக்கு வரவில்லை. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் பொறுப்பு நிற்கமாட்டேன்.

ஆமையை வைத்துக் கொண்டுபோக அம்மாவின் நீலப் பேசினைத்தான் கொடுத்தோம். இப்போது அம்மா ஆமையைப் பற்றிப் பேசுவதில்லை. "அந்தப் பேசினை எப்ப தருவாங்களாம்?" என்றுதான் கேட்கிறார்.