யாகிக்குக் கேபிளை எங்கே வெட்டுவது?

ஒரே ஒரு யாகி (கம்பிகள் வரிசையாக அமைந்த, ஒரு திசையை நோக்கும் ஆன்டெனா), அதற்கு 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் என்றால் 'சரியான நீளம்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் சுற்றக் கொஞ்சம் தொய்வு விட்டு, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவு. 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 கேபிள் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் தின்றுவிடும். 15 மீட்டர் இழுத்தாலே பாதி பவர் சூடாகிப் போகும்.

கேபிளில் ஓரடி வெட்டியதும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) கணிசமாக மாறுகிறதா? பெரும்பாலும் கேபிளின் ஷீல்டு உறைக்கு வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். ஆன்டெனாவில் கேபிள் சேரும் ஃபீட் பாயிண்டிலேயே சோக் (அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்பு) போடுங்கள். வெட்டிக்கொண்டே போவது வைத்தியமல்ல.

நீளம் உண்மையிலேயே முக்கியமாவது இரண்டு யாகிகளை அடுக்கி, ஒரே 50 ஓம் கேபிளில் இணைக்கும்போதுதான். 75 ஓம் கேபிளில் கால் அலைநீளம், அல்லது அதன் ஒற்றைப்படை மடங்கு, 50 ஓமை 112.5 ஆக மாற்றும். அப்படி இரண்டை இணையாகச் சேர்த்தால் 56 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.13, தாராளமாகப் போதும். கால் அலை 34 செ.மீ.தான், டி-கனெக்டர் வரை எட்டாது. அதனால் முக்கால் அலை: காற்றில் அது 1.55 மீட்டர், அதை வெலாசிட்டி ஃபேக்டர் (கேபிளில் அலை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்ற விகிதம்) 0.66-ஆல் பெருக்க 1.02 மீட்டர். அதுவும் எட்டாவிட்டால் ஒன்றேகால் அலை, 1.71 மீட்டர். ஃபோம் கேபிளுக்கு ஃபேக்டர் 0.8-க்கு மேல், அதை 1.02 மீட்டரில் வெட்டினால் இருபது செ.மீ.க்கு மேல் குறைந்துபோகும், ஒட்டவும் முடியாது.

அச்சிட்ட ஃபேக்டரை முழுதாக நம்ப வேண்டாம். 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, ஒரு முனையை ஆன்டெனா அனலைசரில் மாட்டி, மறுமுனையைத் திறந்தபடி விடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அருகே இம்பீடன்ஸ் (அனலைசர் காட்டும் ஓம் அளவு) எங்கே அடிமட்டத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அது 145-க்குக் கீழே இருந்தால் கேபிள் இன்னும் நீளமாக இருக்கிறது, ஒரு செ.மீ. வெட்டினால் சுமார் 1.4 மெகாஹெர்ட்ஸ் மேலேறும். கனெக்டரும் நீளத்தில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு துண்டும் ஒரே சுருளிலிருந்து, ஒரே நீளத்தில் இருக்கட்டும். ஒரு செ.மீ. வித்தியாசம் 2.6 டிகிரி ஃபேஸ்தான். சில மில்லிமீட்டருக்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் ஒரு யாகியில் கேபிளின் நடுக்கம்பி இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் போனால் 180 டிகிரி, இரண்டும் எதிரெதிராகிவிடும். மீட்டர் அழகாக 1.1 காட்டும், முன்னால் சிக்னலே இருக்காது. அப்போது கேபிளைத் தொடாமல் ஒரு யாகியை அதன் பூமை (கம்பிகளைத் தாங்கும் நடுத்தண்டை) அச்சாக வைத்து அரைச்சுற்றுத் திருப்பி மாட்டுங்கள்.