பள்ளிக்குப் போகாமல் பத்தாம் வகுப்பு: என்.ஐ.ஓ.எஸ்.ஸில் கவனிக்க வேண்டியவை

நீண்ட சிகிச்சை, முழுநேர விளையாட்டுப் பயிற்சி, ஊர் ஊராக மாறும் பெற்றோரின் வேலை என்று பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் கைகொடுக்கும். 14 வயது நிரம்பியிருந்தால் போதும், தமிழ்வழியிலேயே பத்தாம் வகுப்பு எழுதலாம். பாடத்தைவிடத் தேதிகள்தான் இங்கே காலை வாரும்.

மொத்தம் 5 பாடங்கள். அவற்றில் குறைந்தது ஒன்று மொழிப்பாடமாக இருக்க வேண்டும். மொழிப்பாடம் இரண்டுக்கு மேல் கூடாது. கணிதம் கட்டாயமில்லை என்றதும் பலர் நிம்மதியாகத் தள்ளிவிடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு என்ற எண்ணம் துளி இருந்தாலும் கணிதம் (பாடக் குறியீடு 211), அறிவியல் (212) இரண்டையும் விடாதீர்கள்.

தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும். பதிவு 5 ஆண்டு செல்லும், 9 வாய்ப்பு உண்டு. தேறிய பாடம் தேறியதுதான். ஆகவே உடம்பு முடியாத பிள்ளையை ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வைக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு, அடுத்ததில் மூன்று.

டி.எம்.ஏ. எனும், வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் ஒப்படைப்பைச் சும்மா நினைக்காதீர்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். பாடத்துக்கு 6 கேள்விகள்: முதல் மூன்றும் தலா 2 மதிப்பெண், அடுத்த இரண்டும் தலா 4, கடைசிச் செயல்திட்டம் 6. ஒவ்வொன்றிலும் அ, ஆ என்று இரண்டு இருக்கும். ஏதாவது ஒன்றை எழுதினால் போதும். முதல் பக்கத்தின் மேலேயே பெயர், பதிவு எண், பாடக் குறியீடு, படிப்பு மையத்தின் பெயர். செல்போனில் ஸ்கேன் செய்து பாடத்துக்கு ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். நிழல் விழுந்த பக்கத்தைத் திருத்துபவர் படிக்க முடியாது. கடைசி நாள் இரவில் இணையதளம் திணறும், ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்.

செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துக்கும் செய்முறைக்கும் தனித்தனியே 33 சதவீதம் வேண்டும். அந்தப் பயிற்சி வீட்டிலிருந்தபடி நடக்காது, மையத்துக்குப் போக வேண்டும். நடமாட முடியாத பிள்ளை என்றால் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். சொல்லி எழுதவைக்க ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வறை வாசலில் கேட்டால் கிடைக்காது.

சேர்க்கைக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. ஒவ்வொரு முறையும் எழுதப்போகும் பாடங்களைத் தனியே தேர்ந்து பணம் கட்ட வேண்டும். கட்டிய ரசீதையும் ஹால் டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பாடக் குறியீடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.