தென்னைக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மாடியில் நின்றால் ஏற்காட்டு மலை முழுக்கத் தெரியும் என்றால் கேட்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். டெலஸ்கோப் வாங்கும்வரை எனக்கும் அதில் பெருமைதான்.

சேலத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11.7 டிகிரி. துருவ நட்சத்திரமும் வடக்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அதில் பாதிக்கு மேல் மலையே எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் தென்னை நிற்கிறது. காற்றடித்து மட்டை விலகினால் ஒரு நொடி நட்சத்திரம் தெரியும், அப்புறம் போய்விடும்.

படம் எடுக்கிறவனுக்கு இது பெரிய சங்கடம். பூமி சுற்றுவதால் வானம் நகர்கிறது; அதற்கு ஈடாக, டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் பூமிக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அது ஒழுங்காக நடக்க மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். இப்படி வைப்பதுதான் போலார் அலைன்மென்ட்; அந்த அச்சு வடக்கே காட்டுகிற இடம் துருவம், அதற்கு அடையாளம் துருவ நட்சத்திரம். லேத்தில் ஷாஃப்ட்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் சென்டர் விலகியிருந்தால் ஷாஃப்ட் ஒரு பக்கம் சிறுத்து டேப்பராக வருமே, அதே கதைதான். நான் லேத் பட்டறைக்காரன் என்பதால் அந்த உதாரணம்தான் எனக்கு வரும். 10 ஆர்க்மினிட் விலகல் என்றால், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு, நட்சத்திரம் நிமிடத்துக்கு இரண்டரை ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு) வரை நழுவும். என் 400 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் மூன்று நிமிடம் எக்ஸ்போஷர் வைத்தால் நாலு பிக்சல் இழுத்துவிடும். ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு மவுண்டைத் திருத்தும் கைடு கேமரா போட்டால் நழுவலைச் சரிக்கட்டலாம். ஆனால் கைடு நட்சத்திரத்தைச் சுற்றி மொத்தப் படமும் மெல்லச் சுழலும், மூலையில் இருக்கிற நட்சத்திரங்கள் கோடாகிவிடும்.

முதல் ஆறு மாதம், மவுண்டின் அச்சோடு சேர்ந்த சின்னப் பார்வைக்குழாயான போலார் ஸ்கோப்தான். இந்த அட்சரேகையில் அந்தக் குழாய் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். மாடியில் மண்டியிட்டு, கழுத்தை ஒடித்து, தென்னை மட்டை விலகக் காத்திருக்க வேண்டும். துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இருப்பதும் இல்லை. நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி நின்று அதுவும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. ஒரு நாள் ராத்திரி சிவப்பு டார்ச்சோடு நான் தவழ்வதைப் பார்த்துவிட்டு அக்கா அங்கிருந்தே, "யாரது மாடில?" என்று சத்தம் போட்டார். நான்தான் என்றதும், "ஏந்தம்பி, ஏதாச்சும் தொலஞ்சு போச்சா?" என்றார். நட்சத்திரத்தைத் தேடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "நட்டு விழுந்துருச்சுக்கா" என்றேன்.

இன்னொரு தொல்லையும் இந்த ஊருக்கே உரியது. மவுண்டை 12 டிகிரிக்கு இறக்கினால் எதிர்எடைத் தண்டு செங்குத்தாகத் தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. பெரும்பாலான மவுண்ட்களை 40, 50 டிகிரி ஊர்களை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது. பட்டறையில் எட்டு அங்குல பைப் ஒன்றை வெட்டி, இரண்டு பக்கமும் ஃபிளேஞ்ச் கடைந்து, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவில் வைத்தேன். இடிப்பது நின்றது. இந்த விஷயத்தில் ஊட்டி முத்தோரையில் இருக்கிற ரேடியோ டெலஸ்கோப்பை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பு. 530 மீட்டர் நீளம், 1970-இல் முடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதே சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காகப் படுக்க வைத்துவிட்டார்கள். அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பினால் போதும். போலார் அலைன்மென்ட்டை மலையே செய்து கொடுத்துவிட்டது. எனக்கு வாய்த்த மலை மறைக்க மட்டும்தான்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மென்ட் என்று ஒரு பிளகின், அதாவது துணை நிரல், உண்டு. அதற்குத் துருவ நட்சத்திரமே வேண்டாம். டெலஸ்கோப்பை வானத்தில் எங்கே வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். அது ஒரு படம் எடுத்து, நட்சத்திரங்களின் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, குழாய் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு ஒரு அச்சில் மட்டும் கொஞ்சம் சுற்றி இன்னொரு படம், இன்னும் சுற்றி மூன்றாவது. மூன்று புள்ளி கிடைத்தால் வட்டம், வட்டம் கிடைத்தால் மையம். ஃபிளேஞ்சில் ஓட்டை போடுகிறவனுக்கு இது புதிதல்ல. அந்த மையம்தான் மவுண்டின் அச்சு. உண்மையான துருவத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று திரையில் வந்துவிடும்.

முதல் நாள் வந்த எண்: இட வலமாக 2 டிகிரி 14 ஆர்க்மினிட், உயரத்தில் 48 ஆர்க்மினிட். ஆறு மாதமாக நான் கழுத்தை ஒடித்துக்கொண்டதன் லட்சணம் இது.

பத்தாவது படிக்கும் மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள், நான் போல்ட்டில். பக்கவாட்டுத் திருப்பத்துக்கு எதிரெதிரே இரண்டு போல்ட். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்க வேண்டும். "குறையுதுப்பா… குறையுது… நாப்பது… ஐயோ கூடுதுப்பா!" படம் எடுத்துக் கணக்குப் போட மென்பொருளுக்கு இரண்டு மூன்று நொடி ஆகும். நான் அதற்குள் அரைச் சுற்று திருப்பிவிடுவேன். கடைசியில் அவளே சட்டம் போட்டாள்: கால் சுற்று, கையை எடு, மூணு எண்ணு. அப்புறம்தான் எண் வழிக்கு வந்தது. ஒரு ஆர்க்மினிட்டுக்குள் வந்ததும் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் இறுக்கினேன். அவள் சாவதானமாக, "நாலு ஆயிருச்சுப்பா" என்றாள். டெயில் ஸ்டாக்கைப் பூட்டும்போதும் இப்படித்தான் ஒரு நூல் நகரும். முப்பது வருஷ அனுபவம் மாடிக்கு வந்ததும் மறந்துவிட்டது. திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

பிளகினில் காற்று மண்டல ஒளிவிலகலுக்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. வடக்கே தள்ளியிருக்கிற நாட்டுக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். லண்டனில் துருவம் 51 டிகிரி உயரத்தில் இருப்பதால் வித்தியாசம் ஒரு ஆர்க்மினிட்கூட வராது. நம் ஊர்த் துருவம் இவ்வளவு தாழ்ந்து கிடப்பதால் காற்று அதை நாலரை ஆர்க்மினிட் தூக்கிக் காட்டுகிறது. போலார் ஸ்கோப்பில் பார்த்து எவ்வளவு கச்சிதமாக வைத்தாலும் இந்தப் பிழை கூடவே வரும். மூன்று படங்களையும் தலைக்கு மேலே உயரத்தில் எடுத்துக்கொள்வதும் இதனால்தான். அங்கே ஒளிவிலகல் மிகக் குறைவு.

மார்ச் நடுவில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே 31 டிகிரி உயரத்தில் நின்றது. கீழே சேலத்து வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. மூன்று நிமிடப் படத்தில் நாலு மூலையிலும் நட்சத்திரம் புள்ளியாக, புள்ளியாகவே இருந்தது. மகளை எழுப்பிக் காட்டினேன். "சர்க்கரை கொட்டின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த முறை நேரம் மிச்சமாகட்டும் என்று முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடத்தில் சிவப்பு பெயின்டால் குறி போட்டு வைத்திருந்தேன். போன வாரம் வெயிலுக்காக மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறார். நான் பட்டறையில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மாடி முழுக்கப் பளபளவென்று வெள்ளை.