சிமிர்னா சபையை லெந்து வகுப்பில் நடத்தியபோது

எங்கள் சபையில் லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வாரம் ஒரு மாலை பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு உண்டு. வழக்கமாக எங்கள் போதகர் ஐயர்தான் எடுப்பார். இந்த முறை அவருக்குப் பக்கத்துச் சேகரத்தையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு வந்துவிட்டதால், வேலை என் தலையில் விழுந்தது. தலைப்பை மட்டும் அவரே கொடுத்தார்: ஆதிச் சபையின் உபத்திரவமும் தரித்திரமும். நான் இறையியல் படித்தவன் இல்லை. இதே மாதிரி ஒரு வகுப்பு எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக, என்ன படித்தேன், எதை எப்படி நடத்தினேன் என்று எழுதுகிறேன்.

இந்தத் தலைப்பைக் கேட்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ரோம ராயன் (பேரரசன்) நீரோவும், கிறிஸ்தவர்களைப் போட்ட அரங்கத்துச் சிங்கமும். சிங்கத்தைக் கூடியவரை தள்ளி வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். சிங்கம் வந்துவிட்டால் நாம் எல்லாரும் மேல்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவோம். தலைப்பில் இருக்கிற தரித்திரம் காணாமலே போய்விடும்.

அதனால் சிமிர்னாவில் தொடங்கினேன். வெளிப்படுத்தின விசேஷம் 2-ம் அதிகாரத்தில் நாலே நாலு வசனம். "நீ ஐசுவரியமுள்ளவனாயிருந்தும் உனக்கிருக்கிற தரித்திரத்தையும்" அறிந்திருக்கிறேன் என்று கிறிஸ்து அந்தச் சபையிடம் சொல்வதாக வருகிறதே, அந்த இடம். இதை வாசித்ததும் வகுப்பில் ஓர் அண்ணன் கேட்டார்: "ஊரே ஏழை ஊரா, இல்லை இவங்க மட்டும்தான் ஏழையா?"

சரியான கேள்வி. சிமிர்னா ஏழை ஊரே இல்லை. இன்றைய துருக்கியின் இஸ்மிர்தான் அது. நல்ல துறைமுகம், செழிப்பான வியாபாரம். ரோமுக்கு விசுவாசம் காட்டுவதில் முந்திக்கொண்டு நிற்கிற ஊர். ரோம் நகரையே தெய்வமாக்கிய ரோமா தேவிக்கு கி.மு. 195-லேயே கோவில் கட்டியவர்கள். கி.பி. 26-ல் திபேரியு ராயனுக்குக் கோவில் கட்டும் உரிமைக்காக ஆசிய மாகாணத்தின் 11 நகரங்கள் ரோமில் போய் வாதாடியபோது, அதை வென்று வந்ததும் சிமிர்னாதான். அப்படிப்பட்ட ஊரில் தொழிற்சங்க விருந்து என்றால் தெய்வத்துக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு. ஊர்த் திருவிழா என்றால் ராயனுக்குத் தூபம். இதிலெல்லாம் கலந்துகொள்ளாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் கடன் கொடுப்பார்கள்? எபிரெயர் நிருபத்தில் இன்னும் நேராகவே இருக்கிறது: "உங்கள் ஆஸ்திகளையும் சந்தோஷமாய்க் கொள்ளையிடக் கொடுத்தீர்கள்." உபத்திரவம் ஒரு பக்கம், தரித்திரம் ஒரு பக்கம் என்று நான் தனித்தனியாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அந்த அண்ணனுடைய கேள்விக்குப் பிறகு இரண்டையும் ஒன்றாகவே நடத்தினேன். அடிதடியும் சிறையும் எப்போதாவது வருவது. பிழைப்பு போவது அன்றாடம்.

இதே பகுதியில், சபையை எதிர்த்த யூதர்களைக் குறித்து "சாத்தானுடைய கூட்டம்" என்ற வார்த்தையும் வருகிறது. இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. எழுதிய யோவானே யூதர். இது ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டையின் வார்த்தை. பின்னால் அதிகாரம் கையில் வந்த கிறிஸ்தவர்கள் இதே மாதிரி வசனங்களைப் பிடித்துக்கொண்டு யூதர்களைத் துன்புறுத்தினார்கள். இதை வகுப்பில் அப்படியே சொன்னேன். ஒன்றிரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. இருக்கட்டும்.

அடுத்தது பாலிகார்ப். சிமிர்னாவின் ஆயர். கி.பி. 155 வாக்கில் கொல்லப்பட்டார். அவருடைய சபையார் பிலோமேலியம் என்ற ஊர்ச் சபைக்கு அதைப் பற்றி எழுதிய கடிதம் முழுதாக இருக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் தமிழில் எழுதி எடுத்துப் போய் வாசித்தேன். கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னபோது "எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன்" என்று சொன்ன பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின பகுதி. ஊருக்கு வெளியே பண்ணை வீட்டின் மாடியில் இருக்கிறார். கொள்ளைக்காரனைப் பிடிக்க வருவதுபோல ஆயுதங்களோடு ஆட்கள் வருகிறார்கள். கிழவர் இறங்கி வந்து, அவர்களுக்கு வேண்டிய மட்டும் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்கிறார். எடுத்துக்கொண்டதோ இரண்டு மணி நேரம். அப்புறம் காவல் தலைவனும் அவன் அப்பாவும் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு நயமாகப் பேசுகிறார்கள்: 'ராயனே ஆண்டவர்' என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகும்? ஒப்புக்கொள்ளவில்லை என்றதும் அவசரமாக இறக்கிவிட, கால் முன்னெலும்பு உரசித் தோல் போகிறது. அவர் ஒன்றும் நடக்காததுபோல விளையாட்டரங்கத்துக்கு நடக்கிறார். அந்த வண்டிப் பேச்சைத்தான் வகுப்பில் நீண்ட நேரம் பேசினோம். மிரட்டலைவிட இந்த மாதிரி நல்லவிதமான பேச்சைத் தாங்குவதுதான் கஷ்டம் என்றார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா.

அதே கடிதத்தில் குயின்டஸ் என்று ஒருவன் வருகிறான். பிரிகியாக்காரன். தானாகவே போய்ப் பிடிபட்டு, மற்றவர்களையும் வரச் சொல்லித் தூண்டியவன். மிருகங்களைக் கண்டதும் பயந்து சத்தியம் பண்ணித் தூபமும் போட்டுவிட்டான். வலியப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று சபையாரே எழுதுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணபரியந்தம் உண்மையாயிரு என்ற வார்த்தையைக் கேட்ட அதே சபை! இளைஞர்கள் இருக்கிற வகுப்பில் இந்தப் பத்தியைக் கட்டாயம் வாசியுங்கள்.

ரோம ஆளுநர் பிளினி, டிராஜன் ராயனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதிய கடிதத்தை (112 வாக்கில்) சீக்கிரமாகவே முடித்தேன். அதில் இரண்டு விஷயம் போதும். கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பார், ஆமாம் என்றே சொன்னால் தண்டனை. அப்புறம், விவரம் தெரிந்துகொள்ள அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். பெயர்கூடப் பதிவாகவில்லை.

வகுப்பையே புரட்டிப் போட்டது 303-ம் வருஷத்துப் பதிவு ஒன்று. டயோக்ளீஷியன் ராயனின் காலம். வேதப் புத்தகங்களை எரிக்க வேண்டும், ஆராதனை இடங்களை இடிக்க வேண்டும் என்று ஆணை. வட ஆப்பிரிக்காவில் சிர்ட்டா என்ற ஊர். இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்று பெயர். மே 19 அன்று நகராட்சித் தலைவர் ஃபெலிக்ஸ், எழுத்தர்களோடு சபை கூடும் வீட்டுக்குள் நுழைகிறார். ஜப்திக்கு வந்தவர்கள்போல ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார்கள். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, இப்படிப் போகிறது. அப்புறம் திடீரென்று: பெண்களுக்கான அங்கி 82, முக்காடு 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்களுக்கான செருப்பு 13 ஜோடி, பெண்களுக்கானது 47 ஜோடி.

இதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். "கோவில்ல எதுக்கு அத்தனை செருப்பு?" என்று ஒரு பாட்டி கேட்டார். பக்கத்தில் இருந்தவரே பதில் சொன்னார்: "விதவைங்களுக்குக் குடுக்கத்தான்." நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆண்களுடையதைவிடப் பெண்களுடையது இத்தனை மடங்கு அதிகம் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 251 வாக்கில் ரோமச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்கி வந்ததாக அதன் ஆயர் கொர்நேலியு எழுதிய கணக்கும் இருக்கிறது. டெசியஸ் ராயனின் உபத்திரவம் முடிந்த கையோடு வந்த கணக்கு அது. ஏழைகளைத் தாங்கும் வேலையை அமைதியான நாட்களுக்கு என்று தள்ளி வைத்தவர்கள் இல்லை அவர்கள். பறிமுதல் செய்ய வந்தவன் கையாலேயே அதற்குச் சாட்சி எழுதப்பட்டிருப்பதுதான் வேடிக்கை.

அந்தப் பதிவில் யாரும் பெரிய வீரர் இல்லை. ஆயர் பவுல் உட்கார்ந்திருக்கிறார். புத்தகங்கள் வாசகர்களிடம் (ஆராதனையில் வேதம் வாசிக்கும் ஊழியர்கள்) இருக்கின்றன, இங்கே உள்ளதைத் தருகிறோம் என்கிறார். அலமாரிகள் காலி. உதவி ஊழியர்களில் ஒருவரான சில்வானு, பானைக்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லி ஒரு வெள்ளிப் பாத்திரத்தையும் வெள்ளி விளக்கையும் எடுத்துக் கொடுக்கிறார். "அதைக் கண்டெடுக்காமல் இருந்திருந்தால் நீ செத்திருப்பாய்" என்கிறான் எழுத்தன். வேறு இரண்டு பேரிடம் வாசகர்களின் பெயரைக் கேட்டபோது மட்டும் வேறு குரல்: "நாங்கள் காட்டிக் கொடுப்பவர்கள் அல்ல. இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள்." அவர்களைக் காவலில் வைத்துவிட்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஒரு வீட்டில் கணவன் இல்லை. மனைவி ஆறு புத்தகங்களைக் கொண்டுவந்து வைக்கிறாள். இன்னும் இருக்கிறதா என்கிறார் ஃபெலிக்ஸ். இல்லை என்கிறாள். உள்ளே போய்த் தேடிய நகராட்சி அடிமையும் ஒன்றும் அகப்படவில்லை என்கிறான். பதிவு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

இதெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அந்தச் சில்வானு பிற்பாடு அதே ஊருக்கு ஆயரானார். 320-ல், அன்று சபைப் பொருளைக் காட்டிக் கொடுத்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தபோது இந்தப் பழைய பதிவை ஆதாரமாக எடுத்து வாசித்தார்கள். பணக்காரப் பெண் ஒருத்தி கொடுத்த பணத்தை ஆயர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஏழைகளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பதும் அதே வழக்கில் வந்த சாட்சி. நம்ம சபைத் தேர்தல் மாதிரியே இருக்கிறதே என்று யாரோ சொல்ல, நான் அவசரமாக ஜெபத்துக்குப் போய்விட்டேன்.

எடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஒரு வகுப்புக்கு ஓர் ஆவணம் போதும்; சும்மா விளக்கிக்கொண்டிருக்காமல் சத்தமாக வாசிக்க வையுங்கள். சிர்ட்டாப் பதிவை ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்துக் கொடுத்தால் நாடகம்போல வரும்; ஃபெலிக்ஸாகக் கறாரான குரல் உள்ளவரைப் போடுங்கள். டெசியஸ் காலத்தில், தெய்வங்களுக்குப் பலியிட்டதற்காகக் கொடுத்த சான்றிதழ் ஒன்றையும் (250-ம் வருஷத்தது, எகிப்தில் கிடைத்தது) நகல் எடுத்துக் கையில் கொடுக்கலாம்: வயது 72, வலது புருவத்தில் தழும்பு, அதிகாரிகள் முன்னால் பலியிட்டேன், ருசி பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற பாரம். ராயனுடைய கட்டளை ஒரு கிராமத்துக் கிழவர்வரை எப்படி வந்தது என்பது அதைப் பார்த்தால்தான் புரியும். மற்றபடி, சில்வானு வழக்கை மட்டும் கடைசி வகுப்புக்கு வைக்காதீர்கள். முந்தின வாரமே வைத்துவிட்டால் சண்டை போட்டுத் தீர்க்க இன்னொரு வகுப்பு மிச்சம் இருக்கும்.