கீழடியைக் காப்பது அடுக்கு எண்ணும் ஆய்வக எண்ணும்

கீழடி அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அனுப்பிய கடிதத்தில் இரண்டு வேறு கோரிக்கைகள் கலந்து கிடந்தன. முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியிலேயே கொடுத்துவிட்ட 982 பக்க அறிக்கை அது. காலக்கணிப்பு மாதிரிகளுக்கு ஆழத்தை மட்டும் குறித்தால் போதாது, மண்ணடுக்கின் எண்ணையும் குறிக்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. கீழடியின் மிகப் பழைய, முதல் காலகட்டத்துக்கு அவர் போட்ட கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டு வரை என்ற கணக்கு மிகவும் முன்னால் போகிறது, அதிகபட்சம் கி.மு. 300க்கு முன்னால் எங்காவது இருக்கலாம் என்பது இன்னொன்று.

முதலாவது, எந்த அகழாய்வாளரிடமும் யாரும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். இரண்டாவது கேள்வியே அல்ல, முடிவு. அந்த முடிவுக்கு எந்த மாதிரி, எந்த அடுக்கு, எந்த அளவீடு ஆதாரம் என்று காட்டும் பொறுப்பு அதைச் சொல்பவருக்கு உண்டு. மண்ணடுக்கு வரிசையையும் காலக்கணிப்பு முடிவுகளையும் வைத்தே காலகட்டங்களைப் பிரித்ததாகச் சொல்லித் திருத்த மறுத்தார் அமர்நாத். ஜூனில் அவர் இடம் மாற்றப்பட்டார். அரசியல் சூடு ஏறிய நேரத்தில் இந்த இரண்டு கோரிக்கைகளையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் ஓர் அருங்காட்சியகத்துக்கு நாம் தரக்கூடிய முதல் பாதுகாப்பு. நுட்பக் கேள்விக்குப் பொதுவெளியில் முழுப் பதில் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாத முடிவை எழுத்திலேயே மறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சதியாகப் பார்த்தால் நியாயமான கேள்விக்கும் பதில் இல்லாதவர்களாகிவிடுவோம்.

அடுக்கு எண் ஏன் இவ்வளவு முக்கியம்? மேட்டின் மண் தட்டையாகப் படிந்ததல்ல. சரிவாகவும் குழிவாகவும் படிந்திருக்கும். அன்றைய மக்களே குழி தோண்டியிருக்கிறார்கள், உறைகிணறு இறக்கியிருக்கிறார்கள். அப்படி வெட்டிய குழிக்குள் பிற்காலத்தில் விழுந்த கரித்துண்டு 3 மீட்டர் ஆழத்தில் கிடக்கலாம். பக்கத்தில் 2 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பானை ஓட்டைவிட அது இளையதாக இருக்கும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் குழியின் பெயர், கால்குழி (குழியை நான்காகப் பிரித்ததில் எந்தப் பகுதி), அடுக்கு எண், நிலையான அளவுப் புள்ளியிலிருந்து ஆழம், அளவுகோல் வைத்து எடுத்த படம், குழிச் சுவரின் வெட்டுமுக வரைபடத்தில் மாதிரி கிடந்த இடம் ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால், வெட்டுமுக வரைபடம் இல்லாத ஆழ எண்ணை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

மாதிரி எடுக்கும்போது நடக்கும் தவறுகள் அற்பமாகத் தெரியும், ஆனால் பின்னால் திருத்தவே முடியாது. கையால் தொடக் கூடாது. சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். விவரச் சீட்டை உள்ளே போடக் கூடாது. காகிதமும் பஞ்சும் கரிமப் பொருள்கள். இன்றைய கரிமம் கொஞ்சம் கலந்தாலும் மாதிரி இளமையாகிவிடும். கரியில் புகுந்த செடி வேரும் அப்படித்தான். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: நூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் நடுத்தண்டுக் கரி, அதை எரித்த நாளைவிட நூறு ஆண்டு பழையதாகவே காட்டும். முடிந்தால் கரிந்த நெல், தானியம், விதை போல ஒரே பருவத்தில் விளைந்ததை அனுப்புவது நல்லது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற எண்ணுக்கு வருவோம். தமிழ்நாடு தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரி மாதிரிகளை அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. 2019இல் வெளியான அறிக்கையின்படி 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205. இந்தியத் தொல்லியல் துறை முன்பு அனுப்பிய இரண்டு மாதிரிகள் சுமார் 2,200 ஆண்டுப் பழமை என்று 2017இல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அது 205 என்ற முடிவோடு ஒத்துப்போகிறது, 580ஐப் பொய்யாக்கவில்லை. ஆழம் வேறு, காலம் வேறு, அவ்வளவுதான்.

ஆனால் 580 என்பதை ஒரு பிறந்த தேதி போல மேடையில் முழங்குவதும் தவறு. ஆய்வகம் அளப்பது கதிரியக்கக் கரிமத்தின் மிச்சம். அதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற ஒரு திருத்த வளைகோடு தேவை. கி.மு. 800க்கும் 400க்கும் இடையே அந்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. 2,450 ± 30 கதிரியக்கக் கரிம ஆண்டு (இன்னும் நாட்காட்டி ஆண்டாக மாற்றாத எண்) என்று அளவீடு வந்தால் அது ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம். ஆகவே ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு 700ஆ 450ஆ என்று சண்டை போட முடியாது. அடுக்கடுக்காகப் பல மாதிரிகளை எடுத்து, அடுக்கின் வரிசையையும் கணக்கில் சேர்த்து இடைவெளியைச் சுருக்க வேண்டும். அதே சமயம், இந்தத் தட்டைப் பகுதி 300 வரை நீளவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த அளவீட்டைக் கி.மு. 300க்குக் கீழே இழுக்க வேண்டுமானால் மாதிரி அடுக்கு மாறிக் கிடந்தது என்றோ, பழைய மரம் என்றோ நிறுவ வேண்டும். சும்மா சொல்லிவிட முடியாது.

இது அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகையில் இருக்க வேண்டிய செய்தி. 2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குப் புரியாது என்று இடைவெளியை மறைத்து ஒற்றை ஆண்டைப் போடுவது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும். நல்ல பலகை மூன்று பகுதியாக நிற்கும். கிடைத்தது என்ன, எங்கே: கட்டம், குழி, அடுக்கு, ஆழம். அளந்தது என்ன: ஆய்வகத்தின் பெயர், ஆய்வக எண், திருத்திய கால இடைவெளி. இதிலிருந்து நாம் கருதுவது என்ன: இந்தப் பகுதி தனி நிறத்தில், "என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்" என்று முடிய வேண்டும். நாளை புதிய மாதிரி வந்தால் மூன்றாம் பகுதி மட்டுமே மாறும். முதல் இரண்டும் அசையாது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால், கருத்து மாறும் நாளில் கண்டுபிடிப்பே பொய் என்று கிளப்பிவிடுவார்கள்.

கீழடியை நேசிப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வழிபாட்டுப் பொருளே கிடைக்கவில்லை, எனவே அங்கே சமயமே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். மேடு மொத்தம் 110 ஏக்கர். தோண்டியது அதில் சிறு பகுதி. இல்லாததை வைத்து இவ்வளவு பெரிய முடிவு கட்டினால், வழிபாட்டுக்குரியது என்று உறுதியான ஒரே ஒரு பொருள் கிடைத்தாலும் முழுக் கட்டடமும் சரியும். பானை ஓட்டுக் கீறல் குறியீடுகள் சிந்துவெளிக் குறிகளை ஒத்திருப்பது ஆராய வேண்டிய ஒப்புமை. அதைப் படித்தாகிவிட்டது என்று சொல்வது பொய். இதற்கு மாறாக, நான்காம் கட்டத்தில் மட்டும் கிடைத்த தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த 56 ஓடுகள், அவற்றில் ஆதன், குவிரன் ஆதன் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள், நூல் நூற்கும் தக்களிகள், உறைகிணறுகள் ஆகிய இவை யாரும் மறுக்க முடியாதவை. இவற்றைப் பற்றி இன்னும் நிறையப் பேசலாம்.

அருங்காட்சியக ஊழியர்கள் இன்றே செய்யக்கூடியது: வரவுப் பதிவேட்டை வருடி (ஸ்கேன் செய்து), குழிக் குறிப்பேடுகளோடும் படங்களோடும் மூன்று வெவ்வேறு இடங்களில் வைப்பது. அதிகாரி மாறலாம், அலுவலகம் மாறலாம். பதிவேட்டில் எண் இல்லாத பொருள் தொலைந்தால் தொலைந்தது என்று நிரூபிக்கவும் வழி இருக்காது.

வெளியே இருப்பவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசுத் துறைக்கு இணையவழியிலேயே மனுச் செய்யலாம். கட்டணம் 10 ரூபாய். "ஏன் அறிக்கையை வெளியிடவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை தமக்கில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அறிக்கை தொடர்பாக இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல், கோப்புக் குறிப்புகள், மதிப்பீட்டாளர்களின் கருத்துரை, முதல் இரண்டு கட்டத் தொல்பொருள்களின் பட்டியல் எண்ணோடும் இப்போது இருக்கும் இடத்தோடும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் போடுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றவை வரும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் போதாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மறுப்புக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். பொதுநல வழக்கு என்று போனால் அதுவே முதல் இணைப்பு.