தனித்தேர்வர்களுக்குப் பத்தாம் வகுப்பு: முதல் நாளே காம்பஸைக் கொடுங்கள்

பத்தாம் வகுப்பு துணைத்தேர்வு முடிவும் வந்துவிட்டது. கடலூரில் எங்கள் மாலை வகுப்பில் படித்த தனித்தேர்வர்களில் அறிவியலில் மாட்டிக்கொண்ட ஒருவரைத் தவிர மற்றவர்கள் தேறிவிட்டார்கள். மூச்சு விட முடிகிறது. வெளியூரில் இதே மாதிரி வகுப்பு எடுப்பவர்கள் "எப்படி நடத்தினீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வினாத்தாள் அமைப்பெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வந்தவர்கள் யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்கள், சிப்காட் தொழிற்பேட்டை ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒரு கொத்தனார், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிற ஒரு அக்கா, தேவனாம்பட்டினத்து மீனவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிப் பக்கமே போகாதவர் உண்டு. 2011 கடைசியில் தானே புயல் முந்திரித் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போக, அத்தோடு படிப்பை விட்டவரும் உண்டு. குரூப் 4 எழுத வேண்டும், ஐடிஐ சேர வேண்டும், பிள்ளை கேட்டால் பத்தாவது பாஸ் என்று சொல்ல வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கணக்கு மேல் உள்ள பயம்தான்.

என்னிடம் ஒரே ஒரு உபாயம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். கணக்கை இயற்கணிதத்தில் தொடங்காதீர்கள். முதல் நாளே காம்பஸையும் அளவுகோலையும் கையில் கொடுத்து வட்டம் போடச் சொல்லுங்கள். கடைசிப் பகுதியின் 43, 44-ஆம் வினாக்கள், அதாவது செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, இந்த 16 மதிப்பெண்தான் வயது வந்தவர்களுக்கு வாசல். பள்ளிக்கூடத்தில் இதை ஜனவரியில், திருப்புதல் சமயத்தில்தான் தீவிரமாகப் பிடிப்பார்கள். நான் ஜூனிலேயே பிடித்தேன்.

காரணம் எளிது. சின்னப் பிள்ளைக்குக் காதும் மனப்பாடமும் வேலை செய்கின்றன. நாற்பது வயதுக்காரருக்குக் கைதான் வேலை செய்கிறது. வலை பின்னுகிற கை, பட்டன் ஓட்டை போடுகிற கை, கரணை பிடிக்கிற கை. அந்தக் கைக்கு வேலை கொடுக்காமல் கரும்பலகையில் காரணிப்படுத்திக் காட்டினால், "நமக்கு ஏறாது டீச்சர்" என்று அடுத்த வாரமே நின்றுவிடுவார்கள்.

நான் எடுத்த முதல் கணக்கு இதுதான்: 3 செ.மீ ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ தொலைவில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள். மையத்தையும் புள்ளியையும் சேர்த்து, மையக்குத்துக்கோடு போட்டு, நடுப்புள்ளியில் காம்பஸை ஊன்றி இன்னொரு வட்டம். அது பழைய வட்டத்தை வெட்டுகிற இரண்டு இடங்களுக்கும் வெளிப்புள்ளியிலிருந்து கோடு போட்டால் முடிந்தது. தொடுகோட்டை அளந்தால் 4 செ.மீ. கொத்தனார் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு, நாலு, அஞ்சு. இது நாங்க மூலைமட்டம் பார்க்கிற கணக்காச்சே" என்றார். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்று அவர் பலகைக்கு வந்து மற்றவர்களுக்குக் காட்டினார். ஆரமும் தொடுகோடும் சந்திக்கிற இடத்தில் செங்கோணம் என்பதை நான் சொல்லவே இல்லை, அவர்தான் சொன்னார். பிதாகரஸ் தேற்றம் அன்றைக்கே முடிந்துவிட்டது. நான் செய்ததெல்லாம், பெயரைப் பலகையில் எழுதியதும், உதவிப்படம் போடவும் கடைசியில் சரிபார்த்தல் எழுதவும் பழக்கியதும்தான்.

வரைபடத்துக்குத் தையல் அக்கா. மீட்டர் துணிக்கு இவ்வளவு ரூபாய் என்றால் நேர்மாறுபாடு, கோடு ஆதிப்புள்ளி வழியாக நேராகப் போகும். ஆள் கூடினால் நாள் குறையும் என்றால் எதிர்மாறுபாடு, கோடு வளையும். வளைவைக் கை நடுங்காமல் போட அந்த அக்காவை மிஞ்ச ஆளில்லை, கழுத்து வெட்டுகிற பழக்கம். அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுத மறப்பார்கள், அதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.

இந்த 16 கைக்கு வந்த பிறகு, சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என்று நான்கு வழிகளில் காட்டச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் போனேன். அதுவும் படம்தான். அது வந்தால் 21. பாடத்தின் முடிவில் இருக்கும் (புக் பேக்) ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குப் பதினான்கில் எட்டு ஒன்பது கிடைத்துவிடும். கார்டீசியன் பெருக்கல், அணிகளைக் கூட்டுவது மாதிரி மூன்று இரண்டு மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டிய 35 வந்தாயிற்று. இந்தக் கூட்டலை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் பலகையில் போட்டுக் காட்டினேன். சம்பளத்தை வைத்து மாதத்தை ஓட்டுகிறவர்களுக்கு எது எங்கிருந்து வரும் என்று தெரிந்துவிட்டால் போதும், பயம் பாதி போய்விடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அடிப்படை தெரியாமல் படம் போட வைப்பது ஏமாற்று வேலை" என்றார். அவர் அனுபவம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் போனது பதினைந்து வயதுப் பிள்ளைகள். நாளைக்கும் வருவார்கள், அப்பா அம்மா அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வருபவர் இன்றைக்கு ஒன்றைச் சாதித்தால்தான் நாளைக்கு வருவார். தவிர, எனக்கு நீட்டிப் பேச வராது. பேசியே வகுப்பைக் கட்டிப்போடத் தெரிந்தவருக்கு வேறு வழி சரிப்படலாம்.

அப்புறம் கண்ணாடி. நாற்பதைத் தாண்டிய பலர் "மண்டையில ஏறலை" என்று சொல்வதில் பாதி வெள்ளெழுத்து. டியூப்லைட் வெளிச்சத்தில் பாடப்புத்தகத்து எழுத்து தெரியாமல், கூச்சத்தில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சேர்ந்த முதல் வாரமே கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. படிக்கிற கண்ணாடி வந்த பிறகு, ஒளியியல் பாடத்தில் விழி ஏற்பமைவுத் திறன் குறைபாட்டை, அதாவது இதே வெள்ளெழுத்தை, தங்கள் கண்ணாடியைக் கழற்றிக் காட்டியே விளக்கினார்கள். கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு என்று கதிர்ப்படம் போட்டால் முடிந்தது. அறிவியலிலும் படமே முதலில்: நியூரான், சூல், இதயம்.

மெல்லக் கற்போருக்கான கையேடு என்று ஒன்று எல்லா ஊரிலும் சுற்றும். உள்ளே இருக்கும் சரக்கு நல்லதுதான். அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். கடலில் ராத்திரி முழுக்க இருந்துவிட்டு மீனைக் கரை சேர்த்து விற்றுவிட்டு வருகிற மனிதர் கையில் 'மெல்லக் கற்போர்' என்று எழுதிய புத்தகத்தைத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை.

சமூக அறிவியலை நிலவரைபடத்தில் தொடங்குங்கள். மீனவ அண்ணன்களுக்குச் சோழமண்டலக் கடற்கரை, பாக் நீர்ச்சந்தி, மன்னார் வளைகுடா எல்லாம் நான் குறிப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. பருவக்காற்றின் திசையை அம்புக்குறி போட்டுக் காட்டச் சொன்னால் வாடை, கொண்டல் என்று அவர்கள் பாஷையில் விவாதமே நடந்தது. பழுப்பு நிலக்கரி என்றால் நெய்வேலி, பக்கத்து ஊர். காலக்கோட்டில், சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கேட்ட 1927 நீல் சிலைப் போராட்டம் ஒருவருக்கும் மறக்கவில்லை, கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள் அதில் சிறை போனவர் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ஆண்டை முளையாக அடித்து, 1919 ஜாலியன்வாலாபாக், 1930 தண்டி, 1942 வெள்ளையனே வெளியேறு என்று முன்னும் பின்னும் கட்டினோம்.

தமிழுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படிவம் நிரப்புவதில் தொடங்குங்கள், அவர்கள் வங்கியிலும் ரேஷன் கடையிலும் பார்த்ததுதான். மனப்பாடப் பாடலைச் சொல்லிப் பார்த்தால் போதாது, எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் நான் பெரிய ஆள் இல்லை. வழி காட்டும் வினா, வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, கடிதம், மனப்பாடச் செய்யுள், இவ்வளவுதான் பிடித்தோம். தேறினார்கள்.

வயது வந்தவர்களுக்கு வகுப்பெடுப்போர் கவனிக்க:

- எழுதும் வேகம். பதில் வாயில் இருக்கும், கை வராது. காலை 10.15-லிருந்து 1.15 வரை விடாமல் எழுதிப் பழக்கமே இல்லாத கை அது. தினமும் வீட்டில் ஒரு பக்கம், எதையாவது. மளிகைப் பட்டியலாக இருந்தாலும் சரி.
- ஞாயிறு காலையில் மட்டும் முழு மாதிரித் தேர்வு. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இரவு ஒன்பதரைக்கு மேல்தான் வேலை முடிகிறது. வாரநாளில் அவர்களிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.
- மாசி மகம் வரும் வாரம் தேவனாம்பட்டினத்தில் வகுப்பு வைக்காதீர்கள். யாரும் வர மாட்டார்கள், வரவும் வேண்டாம்.
- புயல் மாதங்களை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்து வந்தது போல வந்தால், வீட்டுக்குள் தண்ணீர் இருப்பவரிடம் படிப்பு கேட்க முடியாது. பாடம் நவம்பருக்குள் பாதியாவது முடிந்திருக்க வேண்டும்.
- மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரு பாடத்தில் போனவர்களை அந்த 61 நாளில் பிடித்து உட்கார வையுங்கள், துணைத்தேர்வுக்குச் சரியாக இருக்கும்.
- கணவரோ மாமியாரோ ஒருமுறை வகுப்புக்கு வந்து பார்க்கட்டும். அதன் பிறகு விடுப்பு குறையும்.

கணக்கு உண்மையிலேயே வராது என்று ஆகிவிட்டவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 சதவீதம், கணிதம் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் எந்த வேலைக்காகப் படிக்கிறாரோ அந்த வேலையின் அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு அவரே முடிவெடுக்கட்டும். நான் யாரையும் அந்தப் பக்கம் தள்ளவில்லை. காம்பஸ் கொடுத்த பிறகு யாரும் கேட்கவும் இல்லை.

இனி அறிவியலில் நின்றுபோனவர் விஷயம். ரிசல்ட் வந்ததிலிருந்து மனதில் இருக்கும் கசப்பு இதுதான். அறிவியலுக்கு எழுத்துத்தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. நேரடித் தனித்தேர்வர், அதாவது பள்ளியில் பத்தாவது படிக்காமல் முதல்முறையாக எழுதுபவர், முதலில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிய வேண்டும், ஒதுக்கிய பள்ளிக்குப் போய் 80 சதவீதம் வருகை காட்ட வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிப்பது வேறு, இது வேறு. சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் இந்தத் தம்பி சில வகுப்புகளுக்குத் தாமதமாகப் போயிருக்கிறார். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, போய் பொழப்பப் பாரு" என்று அங்கே ஒருவர் பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து தம்பி போகவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவர்தான்.

அதனால் அடுத்த அணிக்கு, செய்முறை வகுப்பு நடக்கும் நாட்களில் எங்களில் ஒருவர் கூடவே போகிறோம். வாசலில் உட்கார்ந்திருந்தாலும் போதும். ஷிப்டு மாற்றக் கேட்கும் கடிதத்தை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம், சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. தம்பி இந்த முறை மறுபடி பதிகிறார், அறிவியல் மட்டும்தான் பாக்கி.

ஒன்று விட்டுப்போயிற்று. சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவேற்றும்போது பெயரையும் பிறந்த தேதியையும் நீங்களே கூட நின்று சரிபாருங்கள். பழைய மாற்றுச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்பது நம் ஊரில் சகஜம், கல்யாணமான பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்த அலைவது பரீட்சை எழுதுவதைவிடப் பெரிய வேலை. விண்ணப்பம் பதியப் போகும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.